மிருதுளாவின் குரல்

வாங்கம்மா, உட்காருங்கள். அந்தப் பிரம்பு நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இப்படி ஃபேனுக்குக் கீழே வாருங்கள். மிருதுளா குளிக்கப் போயிருக்கிறாள். மத்தியான டியூட்டிக்குக் கிளம்ப வேண்டும். அவள் குளித்து, தலை துவட்டி, யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் நீங்கள் உங்கள் டாக்டர் பட்டத்தையே வாங்கிவிடலாம். என் பெண், அதனால் சொல்கிறேன். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும். தெரியாததும் தெரியும்.

இது ரெக்கார்ட் ஆகிறதா? ஆகட்டும். எனக்கு மைக் முன்னால் கூச்சம் கிடையாது.

உங்கள் தலைப்பை இன்னொரு தரம் சொல்லுங்கள். துறைசார் மொழி கற்பிக்கும் இணையதளங்கள் பற்றிப் பல்கலைக்கழக மாணவர்களின் கருத்து. நல்லது. மாணவர்களுக்குக் கருத்து இருக்கிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? கோபித்துக்கொள்ளாதீர்கள். நாலு வருஷம் ஒரு மாணவியை வீட்டில் வைத்துச் சோறு போட்டவள் நான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால், சாப்பிட்டு முடித்து, கை கழுவி, துண்டில் துடைத்துவிட்டு, அப்புறம் 'கொஞ்சம் கம்மிம்மா' என்பாள். அதற்குள் குழம்பே தீர்ந்திருக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். இவள் படித்தது நர்ஸிங். மண்ணச்சநல்லூர்ப் பக்கம் ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். மூன்றாம் வருஷத்தில் எல்லோருக்கும் ஒரு இணையதளத்தைக் கட்டாயமாக்கினார்கள். நர்ஸ்களுக்கான இங்கிலீஷ். அதன் பெயரும் வேண்டாம், சொன்னால் எனக்கு வயிறு எரியும். நாம் பள்ளிக்கூடத்தில் படிக்கிற இங்கிலீஷ் இல்லை அது, ஆஸ்பத்திரி இங்கிலீஷ். வலி எங்கே என்று கேட்பது, குத்துகிற வலியா இழுக்கிற வலியா என்று பிரிப்பது, மாத்திரையை விளக்குவது, ஆள் போய்விட்டால் வீட்டாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பாடம். வெளிநாடு போகிறவர்களுக்கு இது இல்லாமல் முடியாது என்றார்கள். இவள் வெளிநாடு போகிறேன் என்றாள்.

அதை முதலில் சொல்ல வேண்டும். இந்தப் பெண் பிறந்ததிலிருந்து என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. பொம்மை, சைக்கிள், ஒன்றும் கிடையாது. ஒரு நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எதிரே வந்து நின்று, 'நான் அயர்லாந்து போறேன்மா' என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை, கவனியுங்கள். போறேன் என்றாள். அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்காரர்கள் வருஷா வருஷம் இந்தக் கல்லூரியிலிருந்து பெண்களை எடுப்பார்கள். அடுத்த வாரமே மெயின்கார்டு கேட் போய் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்துவிட்டாள். சாம்பல் நிறம். திருச்சியில் ஸ்வெட்டர். கடைக்காரரே எங்கேயோ அடியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாராம். என் பட்டுப் புடவைக்குப் பக்கத்தில் பீரோவில் வைத்தாள். மே மாசத்து வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். நான் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

சரி, இணையதளம். திரையில் ஒரு கட்டில். கட்டிலில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், மிஸ்டர் ஹாலோவே. படம்தான், ஆனால் கண் சிமிட்டுவார், இருமுவார். நெஞ்சு இறுக்கமாக இருக்கிறது என்பார். கீழே ஒரு பச்சை விளக்கு எரியும். அது எரிகிறபோதே நர்ஸ் பேசிவிட வேண்டும். பேசாவிட்டால் விளக்கு அணைந்துபோய், ஒரு பெண் குரல் 'பரவாயில்லை, மறுபடி முயற்சி செய்வோம்' என்று இங்கிலீஷில் சொல்லும். அந்தப் பரவாயில்லையை நீங்கள் கேட்க வேண்டும். என் மாமியார்கூட என்னை அப்படி ஒரு குரலில் பேசியதில்லை.

மாணவர் கருத்து வேண்டும் என்றால் இவள் தோழிகள் சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள். ஷப்னம் என்று ஒருத்தி, பாலக்கரைப் பெண், நல்ல வாய். 'ஆன்ட்டி, அந்த ஆஸ்பத்திரில நோயாளி மட்டும்தான் இருக்காரு. கூட வந்தவங்க ஒருத்தர்கூட இல்ல. நம்ம வார்டுல நோயாளி வாயத் திறக்கறதுக்கு முன்னாடி மச்சான், மாமியா, பக்கத்து பெட்டுக்காரர்னு ஆறு பேரு பதில் சொல்லிருவாங்க. இத வச்சு என்ன கத்துக்கறது' என்பாள். குணவதி என்று இன்னொருத்தி, ஹாஸ்டலில் இருந்தவள். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே ஏறி நின்று 'வலி எங்கே, வலி எங்கே' என்று இங்கிலீஷில் கத்தியிருக்கிறாள், வாட்ச்மேன் பயந்துபோய்க் கம்போடு மேலே வந்துவிட்டார். வார்த்தை வருது, பேச்சு வரலைன்னு பொதுவாக எல்லோரும் சொன்னார்கள்.

இவள் என்ன சொன்னாள் என்கிறீர்களா? கேட்டேன். ஏன்டி, உனக்கு அது எப்படி இருக்கு என்று. ரொம்ப நேரம் யோசித்தாள். 'அது காத்திருக்க மாட்டேங்குதும்மா' என்றாள். அவ்வளவுதான். ஓர் இணையதளத்தைப் பற்றிப் பட்டப்படிப்புப் படிக்கிற பெண் சொல்கிற கருத்தா இது? இதை எழுதிக்கொண்டு நீங்கள் என்ன செய்வீர்கள், வேண்டாம்.

நான் கான்வென்ட். அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பள்ளியில் தமிழில் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டையை மாட்டிவிடுவார்கள். அடுத்து யார் தமிழ் பேசி மாட்டுகிறாளோ அவள் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடுகிறபோது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் வகுப்பைப் பெருக்க வேண்டும். என் கழுத்துக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை. நான் மற்றவர்களைப் பிடித்துக் கொடுப்பேன். பேச்சுப் போட்டி என்றால் சிஸ்டர் பெர்னடிட் என்னைத் தவிர வேறு யாரையும் மேடையில் ஏற்றமாட்டார். அப்புறம் கல்யாணம் ஆயிற்று, உறையூருக்கு வந்தேன். இங்கே யாரிடம் போய் இங்கிலீஷ் பேசுவது? இவர் மின்வாரியத்தில் இருந்தார். வீட்டுக்கு வந்தால் மூன்று வார்த்தை. காபி. பேப்பர். சாப்பாடு. மூன்றில் ஒன்று தமிழ், யோசித்துப் பாருங்கள்.

அப்படிப்பட்ட நான், இவள் மிஸ்டர் ஹாலோவே முன்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? அவருக்கு நெஞ்சு வலி. விளக்கு எரிகிறது. இவள் யோசிக்கிறாள். விளக்கு அணைந்துவிட்டது. பரவாயில்லை என்கிறது அந்தக் குரல். மறுபடி விளக்கு. இவள் மறுபடி யோசனை. நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், தாங்கவில்லை. பின்னாலிருந்து நானே சொல்லிவிட்டேன். சார், வலி கைக்கு இறங்குகிறதா என்று. நல்ல இங்கிலீஷில். மணி அடித்தது. திரை முழுக்கப் பச்சை. 'எக்ஸலண்ட்' என்றது.

என்ன பார்க்கிறீர்கள்? எக்ஸலண்ட் என்றது. என்னை அந்த வார்த்தை சொல்லி ஒருவர் அழைத்து முப்பது வருஷம் ஆகிறது.

அப்புறம் தினமும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வாயைத் திறப்பாள், நான் முடித்துவிடுவேன். உதவிதானே? அவளுக்கு வார்டு டியூட்டி வேறு, பிரசவ வார்டில் நின்று நின்று கால் வீங்கி வருவாள். ஒரு நாள் ஹெட்போனைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு, 'நீயே பேசிரும்மா' என்று சொல்லிவிட்டு எழுந்துபோனாள். நான் கேட்டேனா? அவளே சொன்னாள். அதனால் அன்றிலிருந்து நானே பேசினேன். மத்தியானம் பாத்திரம் கழுவிவிட்டு, தலைசீவி, பொட்டு வைத்துக்கொண்டு உட்காருவேன். கேமரா கிடையாது, இருந்தாலும் நோயாளி முன்னால் பரட்டைத் தலையோடு உட்கார முடியுமா?

நெஞ்சு வலி முடிந்தது, சர்க்கரை முடிந்தது, மிஸ்டர் ஹாலோவேக்குக் காலில் புண் வந்தது. பாடம் ஏற ஏற அவர் வீட்டுக் கதையும் சொல்வார். பெண்டாட்டி போய்விட்டாள், மகன் கனடாவில். மரணச் செய்தி சொல்கிற பாடத்தை எந்த அவசரமும் இல்லாமல் சொன்னேன். குரலை எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியிலேயே முதல் இடம். மிருதுளா முதல் இடம். ஜெயசீலி மேடம் என்று ஒருவர், இங்கிலீஷ் பொறுப்பு அவரிடம்தான். வகுப்பில் இவளை எழுப்பி நிற்கவைத்துக் கைதட்டச் சொன்னாராம். வீட்டுக்கு வந்து சொல்லக்கூட இல்லை இந்தப் பெண். ஷப்னம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஷப்னம் இன்னொன்றும் சொன்னாள். இரண்டு பேரும் கல்லூரி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து பேசிப் பழகினார்களாம். ஒருத்தி நோயாளி, ஒருத்தி நர்ஸ். 'அவ நல்லாப் பேசுவா ஆன்ட்டி. மெதுவாத்தான் ஆரம்பிப்பா, ஆனா ஆரம்பிச்சா தப்பே வராது' என்றாள். சிநேகிதிக்காகச் சொல்லியிருப்பாள். நான் கேட்டதில்லை.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன். இதுதான் உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டியது. இணையதளங்கள் எப்படிப்பட்டவை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அயர்லாந்துக்காரர்களுக்கு ஆள் எடுக்கிற பரீட்சை. அதே இணையதளத்தில், கல்லூரி லேபில், மேடம் முன்னால் பேச வேண்டும். காலையில் இவள் இட்லி சாப்பிடவில்லை. பீரோவைத் திறந்து ஸ்வெட்டரை ஒரு தரம் தொட்டுவிட்டு மூடினாள். நான் பத்தரைக்குப் போன் போட்டேன், என்ன ஆச்சு என்று. 'குரல் சரியில்லன்னு வருதும்மா. மேடம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க. நீ வராத' என்றாள். நீ வராத. அதை இரண்டு தரம் சொன்னாள். ஒரு தரத்துக்கு மேல் எதையும் சொல்லாத பெண் இரண்டு தரம் சொன்னால் எனக்குச் சந்தேகம் வராதா? சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் பிடித்துக் கல்லூரியில் போய் நின்றேன்.

லேபில் எல்லாப் பெண்களும் வெள்ளைக் கோட்டில் வரிசையாக. இவள் ஓரத்தில் கழுத்தைச் சுற்றித் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள், நல்ல வெயிலில். என்ன விஷயம் என்றால், இந்த இணையதளம் பேசப் பேச நம் குரலைப் பழகிக்கொள்ளுமாம். பரீட்சையில் அதே குரல்தான் பேசுகிறதா என்று பார்க்குமாம். இதை எவன் முதலிலேயே சொன்னான்? இவள் பேசியிருக்கிறாள், இந்தக் குரல் இந்த மாணவியுடையது இல்லை என்று வந்துவிட்டது. எத்தனை தரம் பேசினாலும் அதே.

ஜெயசீலி மேடம் நல்லவர். 'ஒண்ணும் கவலப்படாதீங்கம்மா. பொண்ணுக்குத் தொண்ட கட்டியிருக்காம். குரல் மாறினா சில சமயம் இப்படி வரும். கம்பெனிக்குச் சொல்லிட்டேன், பழைய பதிவ அழிச்சிட்டுப் புதுசா எடுத்துக்கச் சொல்றாங்க. மத்தியானம் பரீட்சை எழுதிரலாம்' என்றார்.

தொண்டை கட்டியிருக்காம். காலையில் சுவாமி விளக்கு ஏற்றும்போது முணுமுணுத்துப் பாடியவள். மேடத்திடம் நின்று பொய் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பொய் பிடிக்காதும்மா. கான்வென்டில் வளர்ந்தவள், எது செய்தாலும் நேராகச் செய்துதான் பழக்கம்.

'தொண்டையெல்லாம் நல்லாத்தான் இருக்கு மேடம்' என்றேன். 'மெஷின்ல ஏதோ கோளாறு. இருங்க, நான் பாக்கறேன்.'

'அம்மா, வீட்டுக்குப் போம்மா' என்றாள் இவள். கையைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையில் ரோடு தாண்டும்போது பிடிப்பாளே, அப்படி. நான் விடுவித்துக்கொண்டேன். மேடம் ஏதோ சொல்ல வருவதற்குள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். திரையில் மிஸ்டர் ஹாலோவே. என் மிஸ்டர் ஹாலோவே. கீழே ஒரு வரி, இதை உரக்கப் படிக்கவும் என்று. உங்களைக் கவனித்துக்கொள்ள வந்திருக்கிறேன் என்று அர்த்தம் வருகிற ஒரு வரி. படித்தேன். தெளிவாக, நிதானமாக, சிஸ்டர் பெர்னடிட் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார்.

ஹெட்போன் வயரை மேடம் முன்பே கழற்றியிருந்தார், எல்லோரும் கேட்கட்டும் என்று. பச்சை வந்தது. லேப் முழுக்கக் கேட்கிற மாதிரி அந்தப் பெண் குரல் சொன்னது.

'வெல்கம் பேக், மிருதுளா.'

நான் திரும்பி, 'பாத்தீங்களா மேடம், மெஷின் நல்லாத்தான் வேல செய்யுது' என்றேன்.

மேடம் என்னைப் பார்க்காமல் இவளைப் பார்த்தார். இவள் கழுத்திலிருந்து துப்பட்டாவை அவிழ்த்து, நாலாக மடித்து, கையில் வைத்துக்கொண்டாள். 'எத்தன நாளா?' என்று கேட்டார் மேடம். இவள் வழக்கம்போல யோசித்துக்கொண்டு நின்றாள். அதனால் நான்தான் சொன்னேன். மூன்றாம் வருஷம் தீபாவளி முடிந்ததிலிருந்து மேடம், ஒரு நாள் விடாமல் என்று. மறைக்க என்ன இருக்கிறது?

அதற்குப் பிறகு அவர்கள் நடந்துகொண்டதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ஆள் மாற்றிப் பேசவைத்த மாணவி என்று பரீட்சைக்கு உட்காரவிடவில்லை. கம்பெனிக்காரர்கள் கணக்கை மூடிவிட்டார்கள். இனி அந்த இணையதளத்தில் அவள் பெயரில் உள்ளே போகவே முடியாதாம். அந்த முதியோர் இல்லத்துக்காரர்கள் இதைத் தவிர வேறு பரீட்சையை ஏற்கமாட்டார்களாம். நான் பிரின்சிபால் அறை வாசலில் ஒரு மணி நேரம் நின்று இங்கிலீஷில் வாதாடினேன். இவளைப் பேசச் சொல்லி நேரில் கேளுங்கள் என்று ஷப்னம் அழுதாள். யார் கேட்கிறார்கள்? டிகிரி கொடுத்தார்கள், அதுவரைக்கும் புண்ணியம்.

ஒரு மெஷின், அதற்கு மனிதக் குரல் என்ன தெரியும்? அம்மா குரலுக்கும் பெண் குரலுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம்? போனில் பேசினால் என் தம்பிக்கே குழப்பம் வரும். எழுதிக்கொள்ளுங்கள் இதை. இந்த இணையதளங்கள் குடும்பம் என்ற ஒன்று இருப்பதையே கணக்கில் எடுப்பதில்லை. இது உங்கள் ஆய்வில் வர வேண்டும்.

ஷப்னம் போய்விட்டாள். போன மாசம் போட்டோ அனுப்பியிருந்தாள், பின்னால் ஒரே மூடுபனி. உடம்பில் பார்த்தால் அந்தச் சாம்பல் ஸ்வெட்டர். இவள் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீரோவில் என் புடவைக்குப் பக்கத்தில் இப்போது வெறும் இடம். அதில் எதையும் வைக்க எனக்குத் தோன்றவில்லை.

சண்டை போட்டாளா என்று கேட்கிறீர்களா? அப்படிப் போட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன். எது சொன்னாலும் 'சரிம்மா'. மறுபடி வேறு கோர்ஸ் சேர் என்றால் 'சரிம்மா'. சேரமாட்டாள். மாப்பிள்ளை பார்க்கட்டுமா என்றால் அதற்கும் அதே 'சரிம்மா'. சுவரோடு பேசினால் எதிரொலியாவது வேறு மாதிரி வரும்.

இங்கேயே புத்தூரில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் வேலை. எதிர்வீட்டு அம்மாவின் தம்பிக்குப் பக்கவாதம், அங்கேதான் படுத்திருக்கிறார். வாய் இழுத்துக்கொண்டது, ஒரு வார்த்தை வர நாழியாகும். மிருதுளா டியூட்டி எப்போது என்று கையைக் காட்டிக் கேட்கிறாராம். மற்ற நர்ஸ்களெல்லாம் தண்ணியா, பெட்பேனா என்று அவர்களே சொல்லிவிடுகிறார்களாம். இவள் மட்டும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை உட்கார்ந்திருக்கிறாளாம். எதிர்வீட்டு அம்மா கண் கலங்கிச் சொல்கிறாள். நான் என்ன சொல்வது? பேச முடியாதவருக்கும் பேசாதவளுக்கும் பொருந்திப்போயிற்று, அவ்வளவுதான். அயர்லாந்தில் பார்க்க வேண்டிய வேலையைப் புத்தூரில் பார்க்கிறாள்.

எனக்கும் மத்தியானம் போகமாட்டேன் என்கிறது. பாத்திரம் கழுவியதும் கை தானாகச் சீப்பைத் தேடுகிறது. மிஸ்டர் ஹாலோவே காலில் அந்தப் புண், அது ஆறிற்றா, அவர் வீட்டுக்குப் போனாரா என்று தெரியவில்லை. கடைசிப் பாடம் வரை போகவிடவில்லையே.

இதோ வந்துவிட்டாள். மிருதுளா, இவங்க பல்கலைக்கழகத்துலேருந்து வந்திருக்காங்க. அந்த இணையதளத்தப் பத்தி உன் கருத்து வேணுமாம். உட்காரு. அந்த நாற்காலி வேணாம்.

கேளுங்கள் நீங்கள். ம். கேட்டுட்டாங்க இல்ல, சொல்லு. மைக்கப் பாத்துச் சொல்லு.

பார்த்தீர்களா? யோசிக்கிறாள். உங்கள் மெஷினில் விளக்கு எதுவும் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இல்லை, நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை, அவளுக்கு பஸ் போய்விடும். என்னடி, வாய் அசையுது, சத்தம் வரல? என்ன, 'அது' என்ன? அதாவது, அது ஒரு மெஷின்தான், மனுஷங்க மாதிரி வராதுன்னு சொல்ல வர்றா. அதைத்தான் நானும் சொன்னேன். எழுதிக்கொள்ளுங்கள்.

கிளம்பிட்டியா? சாப்பாட்டுப் பை எடுத்தியா? சரி, போயிட்டு வா.

சிரித்துவிட்டுப் போகிறாள் உங்களைப் பார்த்து. என்னைப் பார்த்து அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. போகட்டும். கேட்டைச் சாத்தினாளா என்று பாருங்கள், உங்கள் பக்கம் ஜன்னல். சாத்திவிட்டாளா? நல்லது.

ஏன் அணைக்கிறீர்கள்? முடிந்துவிட்டதா? இருங்கள், அந்த ரெக்கார்டர் திரையில் என்ன எழுதியிருக்கிறது? கண்ணாடி போடாமல் தெரியவில்லை. மிருதுளா என்றா? அவள் பேசுவாள் என்று வருவதற்கு முன்னாலேயே பெயர் போட்டு வைத்துவிட்டீர்களா? இதற்காக ஏன் இவ்வளவு சங்கடப்படுகிறீர்கள்? இதை அழித்துவிட்டு, இன்னொரு நாள் வந்து அவளிடம் முதலிலிருந்து கேட்கிறேன் என்பதெல்லாம் வீண் அலைச்சல்.

இருக்கட்டும்மா. பெயரை மாற்றாதீர்கள். முழுக்க முழுக்க அவளைப் பற்றித்தானே பேசியிருக்கிறேன்.